சட்டைப்பையில் ஓர் அட்டை

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. செங்கல்பட்டு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா வெளியூர் கிளம்பினால் வீட்டைப் பூட்டிவிட்டு ரயிலடி வரைக்கும் நடந்து போவார். அங்கே நின்று யோசிப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதற்குள் ரயில் போய்விடும். "அடுத்த ரயில் வரும், திருட்டுப் போனது வருமா?" என்று கேட்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பத் தீர்மானித்தபோது மேனேஜர் என்னைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். என் இங்கிலீஷுக்காக இருக்காது.

மெட்ராஸில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது, சிரிக்காதீர்கள். வேறொரு இடத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவோம். அந்தக் காலத்துப் புரோகிராம் என்றால் அட்டைக் கட்டு. ஓர் அட்டைக்கு ஒரு கட்டளை, ஓட்டை ஓட்டையாகத் துளைத்திருக்கும். கோடியில் அட்டையின் வரிசை எண். கிடங்கில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடும் எங்கள் புரோகிராம் மொத்தம் ஆயிரத்து இருநூறு அட்டை, ஒரு செருப்புப் பெட்டி அளவு. கம்பெனிக்கு இருந்த ஒரே ஆஸ்தி அதுதான். சிங்கப்பூரில் புரோகிராம் எழுதுகிறவர்களின் மாநாடு ஒன்று நடக்கிறது, நான்கு நாள் அங்கே ஸ்டால் போட்டு அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

என்னோடு வந்தவன் அந்த அட்டைகளைத் துளைத்தவன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் அவனுக்கு. இருட்டோடு பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து, நான் ஏறும் ரயிலில் ஏறுவான். மூன்று வருடமாகத் தற்காலிகம். "இதை நல்லபடியா முடிச்சிட்டு வா, உன்னை பர்மனென்ட் ஆக்கிடறேன்" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். சதுரங்கப்பட்டினத்தில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். பாவம், விமானத்தில் அட்டைப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை அதன் மேலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

மீனம்பாக்கத்தில் மேனேஜர் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னது இதுதான்: "பெட்டி மேல ஒரு கண்ணு இருக்கட்டும். அவன் மேலயும்." எனக்குச் சொல்லவா வேண்டும்! குரங்குக்குக் கள்ளை ஊற்றின மாதிரிதான்.

மாநாடு ஓர் ஓட்டலில். உள்ளே குளிர்சாதனம் போட்ட பெரிய ஹால். எங்களுக்குக் கிடைத்ததோ மட்டமான இடம், ஹாலுக்கு வெளியே நடையில், ஒரு மின்விசிறிக்குக் கீழே. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கம்பெனி பெயர் எழுதிய துணி. மணிக்கு ஒரு மழை பெய்யும், நின்றதும் புழுங்கும். ஹாலின் வாசலை ஒட்டி உள்ளே இருந்தது பக்கத்து ஸ்டால். அது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியுடையது. அட்டை படிக்கும் மெஷினும் கம்ப்யூட்டரும் அவர்களுடையவை. அதில்தான் எல்லா ஸ்டால்காரர்களும் முறை வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் முறை கடைசி நாள் பதினோரு மணிக்கு.

அந்த ஸ்டாலைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயது சீனர். எப்போதும் சிரிப்பார். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவரும் எங்கள் ஆளும் முதல் நாள் மத்தியானமே சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்றார்கள். இவனுக்கு இருபது வார்த்தை இங்கிலீஷ், அவருக்கு முப்பது இருக்கும். என்ன பேசினார்களோ, மணிக்கணக்கில் பேசினார்கள்.

"அவரோட என்ன பேச்சு?" என்று கேட்டேன்.

"மீனு பத்தி சார். அவங்க நைனாவும் கடலுக்குப் போறவராம்."

"பெட்டியை யார்கிட்டயும் குடுக்காத. எவனையும் நம்பாத. அவங்ககிட்ட மெஷின் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல அட்டையெல்லாம் காப்பி எடுத்துடுவாங்க. எவனாவது தொட்டான்னு தெரிஞ்சுது, மேனேஜருக்குத் தந்தி குடுத்துடுவேன்."

"சரி சார்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அதை நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை பெட்டியைத் தூக்கினேன். சில்லென்று இருந்தது. கசகசவென்று வேர்க்கிற நடையில், மேஜைக்குக் கீழே ராத்திரி முழுக்க அவன் காவலில் இருந்த பெட்டி எப்படிச் சில்லென்று இருக்கும்? எனக்கு மூக்கில் வேர்த்தது. "பெட்டி எங்க இருந்துச்சு?" என்றேன். "இங்கதான் சார்" என்றான். அன்று முழுக்க அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நான் கழிவறைக்குப் போய்த் திரும்பும்போது பெட்டி இல்லை, அவனும் இல்லை. ஹாலின் வாசலில், சீனர் ஸ்டாலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக் கதவிலிருந்து வெறுங்கையோடு வந்தான். என்னைப் பார்த்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். சாயங்காலம் பார்த்தால் பெட்டி பழையபடி மேஜைக்குக் கீழே இருந்தது.

அடப்பாவி, விற்றுவிட்டான் என்றே முடிவு கட்டினேன். மேனேஜர் நாளைக்கு யாரைக் கேட்பார்? என்னைத்தான். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் அப்பாவின் கோர்ட்டுப் பாடம். அதனால் என் அதிபுத்தியைக் காட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அவன் டீ வாங்கப் போன சமயம், கட்டின் நடுவிலிருந்து ஒரே ஓர் அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எண் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு சாமானை எழுதி முடித்ததும் அடுத்த சாமானுக்குப் போ என்று சொல்லும் கட்டளை அது. இனி எவன் காப்பி எடுத்தாலும் ஓட்டைப் பானையைத்தான் கொண்டுபோவான். காலையில் பத்தரைக்கு அட்டையைச் செருகிவிட்டால் நமக்கு எல்லாம் சரி. இந்த மாதிரி யோசனை புரோகிராம் எழுதுகிறவனுக்குத்தான் வரும், வேறு எவனுக்கு வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

கடைசி நாள் ஒன்பதரைக்குப் போனால் எங்கள் மேஜையில் ஆளில்லை. உள்ளே மெஷின் பக்கம் கூட்டம். பினாங்கிலிருந்து ஒரு கப்பல் சாமான் வியாபாரி வந்திருக்கிறார், அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு விமானம், உடனே பார்க்க வேண்டும் என்றாராம். சீனர் தன்னுடைய நேரத்தை விட்டுக் கொடுத்திருக்கிறார். நம்ம ஆள் அட்டைக் கட்டை மெஷினில் வைத்து, பொத்தானை அமுக்கிவிட்டு, என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். அட்டைகள் சடசடவென்று உள்ளே போக ஆரம்பித்தன.

ஆயிரத்து இருநூறு அட்டையும் போய்ச் சேர ஒன்றிரண்டு நிமிஷமாவது பிடித்திருக்கும். அது போதுமான நேரம். "நிறுத்துங்கள், ஓர் அட்டை என்னிடம் இருக்கிறது" என்று சொல்ல நாலு வினாடி போதும். ஏன் இருக்கிறது என்று கேட்பார்களே! அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அச்சு மெஷின் அடிக்க ஆரம்பித்தது. நைலான் கயிறு, நாலாம் கிடங்கு. நைலான் கயிறு, நாலாம் கிடங்கு. நைலான் கயிறு, நாலாம் கிடங்கு. அடுத்த சாமானுக்குப் போகவே இல்லை. காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்து குவிந்தது. சீனர் ஓடி வந்து நிறுத்தினார். பினாங்கு வியாபாரி மரியாதையாகக் கடிகாரத்தைப் பார்த்தார், கை குலுக்கினார், போய்விட்டார்.

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் அட்டையாக எண்ணைப் பார்த்தான். எங்கள் பதினோரு மணி முறையும் போயிற்று, மத்தியானமும் தாண்டிவிட்டது. "நானூத்தி பன்னண்டு இல்ல சார்" என்றான். பேயறைந்த மாதிரி இருந்தான்.

"பெட்டி எங்க இருந்துச்சு? இப்பவாவது உண்மையைச் சொல்லு."

"அந்த ரூம்புல சார், குளிரு ரூம்பு. இங்க காத்துல ஈரம் கீது. நம்மூரு கடலோரத்துல பொஸ்தகம் உப்பிக்கும் பாருங்க, அப்டி அட்டைங்க உப்பிகினு வந்துச்சு. உப்புனா மெஷின்ல சிக்கிக்கும். அந்தாளுதான் உள்ள வச்சுக்கோன்னாரு. உங்களாண்ட சொன்னா வோணாம்னுடுவீங்க, தந்தி வேற குடுப்பேன்னீங்க. அதான் சொல்லல."

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி ஏன் சில்லென்று இருந்தது என்பதும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதும். அட்டை என் நெஞ்சுக்கு நேரே, சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்து நீட்டியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"யார்கிட்ட குடுத்து வச்சியோ, அவங்களையே போய்க் கேளு" என்றேன்.

அவன் போய்க் கேட்கவில்லை. மெல்லத் திரும்பி அந்தச் சீனரைப் பார்த்தான். அவர் அங்கிருந்து சிரித்துக் கையாட்டினார். இவன் ஆட்டவில்லை.

ஊர் திரும்பினோம். பெட்டியை வெளியே கொடுத்ததாக அவனே மேனேஜரிடம் ஒப்புக்கொண்டான். பர்மனென்ட் கிடைக்கவில்லை, இருந்த வேலையும் போயிற்று. என்னை "ஜாக்கிரதையான ஆள்" என்று பாராட்டித் தனி மேஜை கொடுத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ரயிலில் அவன் உட்காரும் ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வேன். அட்டையைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, சீசன் டிக்கெட் உறைக்குள் வைத்திருந்தேன். தினமும் டிக்கெட்டைக் காட்டும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும்.

ஐந்து மாதம் தாங்கினேன். ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவன் குப்பத்துக்கு பஸ் ஏறினேன். கடற்கரையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்! வாங்க, டீ குடிக்கலாம்" என்றான். தபாலாபீஸ் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வேற எடத்துல குடுத்துட்டாங்க சார்" என்று சாதாரணமாகச் சொன்னான். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"நீங்க அப்பவே சொன்னீங்க சார், எவனையும் நம்பாதன்னு. நான்தான் கேக்கல. கூட குந்தி சோறு துன்னவன் இப்டி செய்வான்னு யாருக்குத் தெரியும்?"

உறையிலிருந்து அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோடியில் இருந்த ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவினான்.

"நானூத்தி பன்னண்டு" என்றான்.

"நான்தான் எடுத்தேன். உன் மேல சந்தேகப்பட்டு எடுத்தேன். மெஷின்ல போறப்போ சொல்லப் பயந்துட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"ஐயையோ" என்றான். "அந்தாளுக்கு நான் லெட்டர் போட்டுட்டேனே சார். திருட்டுப்பயலேன்னு. எஸ்கூல் வாத்தியாரை எழுதச் சொல்லி அனுப்பிட்டேனே. தெனம் தெனம் அவரு தட்டுல பாதி எனக்குத் தள்ளுவாரு சார்."

எழுந்து தபாலாபீஸுக்குப் போய் வெளிநாட்டுத் தபாலுக்கான நீலக் காகிதம் ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சீனரின் முகவரிச் சீட்டையும் எடுத்து வந்தான்.

"எழுதுங்க சார். அட்டை யாராண்ட இருந்துச்சுன்னு எழுதுங்க."

எழுதினேன். அந்தச் சீனருக்குப் புரிகிற சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையில், என் பெயரையும் என் வேலையையும் போட்டு, நடந்ததையெல்லாம் எழுதி, ஒட்டப்போனேன். அவன் கையை நீட்டினான். ஆபீஸில் மூன்று வருடம் நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே துளைத்தவன். அன்று அந்தக் கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். முடிந்ததும் முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் படித்தான்.