நேராகப் போக நாலு லைட்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டுரோட்டில் நேராகப் போகிற கார்க்காரன் நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவான். வண்டி பழுதாகி நடுரோட்டில் நின்றால் போட வேண்டிய லைட் அது. நேராகப் போக எந்த லைட்டும் வேண்டாம். இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டபோது ஸ்கூட்டி பழகிக்கொண்டிருந்தேன். உத்திரமேரூரில் ஓர் ஆஸ்பத்திரியில் விடியற்காலைத் துப்புரவு வேலை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வண்டி ஓட்டினால்தான் வேலை நிலைக்கும்.

அன்று என் வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுரோட்டில், கிளை ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏற நின்றேன். வலது கைப் பக்கம் ரோட்டோரமாக வைக்கோல் டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து வந்த காரில் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியில் வலது லைட் மின்னியது. எதிர் ரோட்டில் திரும்பப் போகிறான், எனக்கு வழி இருக்கிறது என்று இடது இண்டிகேட்டரைப் போட்டு ஏறினேன். அவன் திரும்பவில்லை. பிரேக் அடித்தும் பின்சக்கரத்தில் இடித்துவிட்டான். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது.

கார்க்காரன் இறங்கி வந்தான். தூக்கிவிட இல்லை, சண்டைக்கு.

"நாலு லைட்டும் போட்டுக்கினுதான வர்றேன்? நேரா போறேன்னு தெரியல? எல் போர்டுக்கு இன்னா அவசரம்?"

டிராக்டர் மறைத்ததில் ஒரு லைட்தான் தெரிந்தது என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. டீக்கடையிலிருந்து வந்தவர்கள் என் வண்டியில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார்கள், தீர்ப்பு முடிந்தது. பொம்பளைக்கு எதற்கு வண்டி என்று ஒருவர் முணுமுணுத்தார்.

என் வீட்டுக்காரரும் அதே ஒற்றை லைட்டைப் பார்த்தவர்தான். போலாம் போலாம் என்று என் தோளைத் தட்டியவரே அவர். வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார்.

"தெரியாம பண்ணிட்சி சார். இப்பத்தான் கத்துக்கினு கீது."

முட்டி எரிந்ததைவிட அது எரிந்தது. செய்யாத தப்புக்கு என் பேரில் மன்னிப்புக் கேட்க இவருக்கு யார் சொன்னது?

கார் கிளம்பியது. நாலு லைட்டும் மின்னிக்கொண்டே போயின. கூட்டமும் கலைந்தது. ஸ்கூட்டியை நிமிர்த்தினேன். அவர் என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவிய குடு. இனிமே நீ ஓட்ட வேணாம்."

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன்.

"அந்த கார்க்காரனாண்ட கேட்டியா, சாவிய?"

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.