மாரக்காள் தைத்த சுருக்குப்பைகள்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் தையல் மிஷின் வைத்திருந்தவள் மாரக்காள் ஒருத்திதான். அவள் புருஷன் சின்னராஜ், நிலக்கடலை மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சூரமங்கலத்து ரயில் ஷெட்டுக்குப் போய்வருபவன். சிறு வயதில் அம்மை வந்து பிழைத்தவன், முகமெல்லாம் தழும்பு. கல்யாணமான புதிதில் மாரக்காள் சில மாதம் சூரமங்கலத்தில் தங்கியிருந்தாள். அங்கே அவளுடைய பெரியம்மா மகள் பொன்னாத்தாள் ரயில்வே குடியிருப்பில் இருந்தாள். பக்கத்து வரிசையில் ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி, ஊரார் சட்டைக்காரி என்று சொல்லும் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி, மிஷினிலேயே பூவேலை செய்வாள். அதைப் பார்த்துப் பார்த்து மாரக்காள் கற்றுக்கொண்டாள்.

துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை நகர்த்தும் பல்லைத் தகட்டால் மூடிவிட வேண்டும். பிறகு மரவளையத்தில் துணியை விறைப்பாக மாட்டி, கால் மிதிக்க மிதிக்கக் கையாலேயே நகர்த்த வேண்டும். கை போன வழியில் கிளியும் மாங்காயும் கொடியுமாக நூல் விழும். கை தடுமாறினால் ஊசி ஒடியும், இல்லாவிட்டால் விரலில் இறங்கும். மாரக்காளின் இடது ஆள்காட்டி விரலில் இரண்டு இடத்தில் அந்த வடு இருந்தது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. துணிக்குப் பங்கீடு, கடையில் காடாத் துணி கிடைப்பதே பெரும்பாடு. அந்தச் சமயத்தில் அவள் அண்ணன் மகள் வசந்தாமணிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாரக்காளுக்குப் பிள்ளையில்லை. அண்ணன் மகளிடம் அவளுக்கு உயிர். விசேஷத்துக்கு வருகிற குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் பூவேலை போட்ட ஒரு சுருக்குப்பையில் எள்ளுருண்டையும் பொரியுருண்டையும் போட்டுத் தர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நூல் கையிருப்பில் இருந்தது. துணிதான் இல்லை.

“பொன்னாத்தாக்கா கிட்டப் பழைய துணி ஏதாச்சும் இருந்தாக் கேட்டு வாங்கியாங்க” என்று புருஷனிடம் சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வந்த சின்னராஜ் ஒரு மூட்டையை நீட்டினான். அவன் முகம் சரியில்லை.

“ராசாத்தி போயிட்டாளாம் புள்ள. காச்சலாம். நமக்குத் தாக்கல் சொல்லக்கூட நேரமில்லையாம்.”

ராசாத்தி பொன்னாத்தாளின் ஒரே மகள். மாரக்காள் சூரமங்கலத்தில் இருந்தபோது எந்நேரமும் இவள் மடியிலேயே கிடந்தவள். மாரக்காள் அப்போதே கிளம்புகிறேன் என்றாள். சின்னராஜ் தடுத்தான். “உங்கக்கா இப்ப வர வேண்டாம்னுதாஞ் சொல்லிவிட்டுது. இதெல்லாம் அந்தப் புள்ளையோட பாவாடைங்க. நாலு புள்ளைங்க கையில இருந்தா எம் மனசு ஆறும்னுது.”

மூட்டையைப் பிரித்தபோது மடிப்புகளுக்கிடையிலிருந்து காய்ந்த வேப்பிலை உதிர்ந்தது. பூச்சி அரிக்காமலிருக்கப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். துவைத்தால் சாயம் போய்விடும் என்று அப்படியே வெட்டினாள். தைக்கத் தைக்கக் கண் நிறைந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ராசாத்திக்குப் பிடித்த மஞ்சள் பாவாடையில் வெட்டிய பையில் ஒரு கிளியைப் போட்டு, அதை வசந்தாமணிக்கென்று தனியாக வைத்தாள்.

காதுகுத்தன்று குழந்தைகள் பைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயில் மைதானமெல்லாம் ஓடினார்கள். காது வலியில் அழுத வசந்தாமணியும் மஞ்சள் பையைக் கண்டதும் அழுகையை நிறுத்தினாள். அண்ணன் மனைவி நல்லம்மாள், மாரக்காள் நங்கை என்று கூப்பிடுகிறவள், லேசில் யாரையும் மெச்சுகிறவள் அல்ல. அவளே, “கடையில கூட இப்படிக் கெடைக்காது” என்றாள்.

அடுத்த நடை போய்விட்டு வந்த சின்னராஜ் மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

“அந்தத் துணி மிச்சமிருக்குதா?”

“எதுக்குங்க?”

“இருக்குதா, இல்லியா?”

“ரெண்டு துண்டு கெடக்குது. எதுக்குன்னு சொல்லுங்க.”

அவன் வாசலிலேயே உட்கார்ந்தான். ஷெட்டில் மூட்டை தூக்கும் மயில்சாமி, பொன்னாத்தாள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் குடியிருப்பவன். அவன்தான் சொன்னானாம். “காச்சல் இல்ல புள்ள. ஆத்தா. பெரியம்மை. சுகாதார ஆளுங்க வந்து அந்தப் புள்ளையோட துணிமணி அத்தனையும் எரிக்கச் சொன்னாங்களாம். உங்கக்கா ஒரு பொட்டியை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கிச்சாம்.”

மாரக்காளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வேப்பிலை நினைவுக்கு வந்தது. தன் கைகளைப் பார்த்தாள். நூலைக் கடித்த வாயைச் சேலையால் துடைத்தாள். மறுபடியும் மறுபடியும் துடைத்தாள். சிறுமியாக இருந்தபோது, அம்மை வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தால் அம்மா அவளைச் சோளக்காட்டில் ஒளித்துவைப்பாள். ஒருமுறைகூட அவளுக்குக் குத்தியதில்லை. ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகளும் அப்படித்தான்.

“பையெல்லாம் திருப்பி வாங்கோணுங்க” என்றாள்.

“என்னன்னு சொல்லி வாங்குவே?”

போகிற வழியில்தான் பொய் தோன்றியது. “தெக்கறப்ப ஊசி மொனை ஒடிஞ்சு போச்சுங்க. எந்தப் பைக்குள்ள நிக்குதுன்னு தெரியல. புள்ளைங்க கையில ஏறிரப் போகுது” என்று வீடு வீடாகச் சொன்னாள். தாய்மார்கள் பதறிப்போய்ப் பிள்ளைகளின் கழுத்திலிருந்து பிடுங்கித் தந்தார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். ஒருத்தி பையின் கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்த ஈரக் கயிற்றை மாரக்காள் அவள் வாயிலிருந்து இழுத்து எடுத்தாள். தெருக்கோடியில் இருந்த அங்காளம்மாள் வீட்டில் அவள் மகள் ராமாயி பையைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். “எழுப்பாதே, நானே பாத்துக் குடுக்கறேன்” என்றாள் அங்காளம்மாள். “இல்லைங்க, இப்பவே குடுங்க” என்று மாரக்காள் குழந்தையின் கையை விலக்கி எடுத்தாள். அங்காளம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வசந்தாமணியின் மஞ்சள் பையை நல்லம்மாளே கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தினார்கள். பாவாடைத் துணியின் பட்டுக்கரை பொசுங்கி மயிர் கருகுகிற வாடை அடித்தது. சின்னராஜ் கோலால் கிளறிவிட்டான்.

“ஆச்சு, விடு” என்றான்.

“பையை எரிச்சாச்சுங்க. அதைத் தொட்ட புள்ளைங்க கையை என்ன பண்றது?”

சின்னராஜ், மயில்சாமி சொன்ன இன்னொன்றையும் சொன்னான். சூரமங்கலத்தில் அந்த வரிசையில் உடனே அம்மை குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். மல்லசமுத்திரம் சத்திரத்தில் இப்போது அம்மை குத்துகிறவர் வந்து தங்கியிருக்கிறார். ஆனால் காரணம் சொல்லாமல் அவரை ஊருக்குள் கூட்டிவந்தால் ஒரு தாயும் கதவைத் திறக்க மாட்டாள். காரணத்தைச் சொன்னால் மாரக்காளின் கதி என்ன?

“பெத்துக்கத் தெரியாதவ, பெத்தவங்க வயித்துல நெருப்பள்ளிப் போட்டான்னு சொல்லுவாங்க” என்றாள் அவள்.

“சொல்லட்டும்” என்று எழுந்தான் சின்னராஜ். “நான் போயி அந்தாளைக் கூட்டிட்டு வாரேன். நீ மொதல்ல உங்கண்ணன் ஊட்டுல சொல்லு.”

நல்லம்மாள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். குத்திய காதில் மஞ்சள் அப்பியிருந்தது. மாரக்காள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“உள்ள வாயேன், மாரக்கா. அங்க எதுக்கு நிக்கறே?”

“வரலீங்க நங்கை. ஒண்ணு சொல்லோணும். ஊசி ஒடிஞ்சதுன்னு சொன்னது பொய்யிங்க.”

எல்லாவற்றையும் சொன்னாள். முறம் நல்லம்மாளின் கையிலேயே நின்றது. சொல்லி முடித்ததும் நல்லம்மாள் முறத்தைக் கீழே போட்டாள். குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். உள்ளே தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றும் சத்தமும், குழந்தை வீறிடுவதும் கேட்டன. மாரக்காளுக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கதவு திறந்தது. ஈரத் தலையோடு குழந்தை இடுப்பில் இருந்தது. நல்லம்மாளின் முகத்தைப் பார்க்க மாரக்காளுக்குத் தைரியம் வரவில்லை.

“அந்தக் குத்தறவன் எங்க இருக்கறான்?”

“அவரு கூட்டியாரப் போயிருக்கறாருங்க.”

“எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உம் மொகத்துல நான் முழிக்க மாட்டேன். இப்ப எங்கூட வா. நீ தனியாப் போயிச் சொன்னா உன்னைக் கொன்னு போடுவாங்க.”

தெருவில் சொல்லும்போது நல்லம்மாள்தான் பேசினாள். ஒருத்தி மண்ணை வாரி மாரக்காள் மேல் தூற்றினாள். ஆத்தாளுக்கு ஊசி குத்தினால் அவள் கோபம் இன்னும் ஏறும் என்றார்கள் சிலர். வண்டியில் வந்து இறங்கிய மனிதரையும் அவர் கையிலிருந்த தோல்பையையும் கண்டு பிள்ளைகள் ஓட்டம் பிடித்தார்கள். நல்லம்மாள் வசந்தாமணியின் சட்டைக்கையைச் சுருட்டி அவள் கையை முதலில் நீட்டினாள். மாரியம்மன் கோயிலுக்குப் பூசை செய்கிறவர் தம் பேத்தியை இரண்டாவதாகத் தூக்கி வந்தார். அதன் பிறகுதான் கதவுகள் திறந்தன. கடைசியில் மாரக்காளுக்கும் குத்தினார். அங்காளம்மாள் மட்டும் ராமாயியைத் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் போனவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

குத்திய கைகள் வீங்கின. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊசியால் வந்த காய்ச்சலா, ஆத்தாளின் காய்ச்சலா? யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் முகத்தையும் உள்ளங்கையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாரக்காள் நல்லம்மாள் வீட்டுப் பக்கம் போகவில்லை. சின்னராஜ் போய்ப் பார்த்து வந்து, “கஞ்சி குடிச்சுதாம்” என்பான். அதைக் கேட்டபின்தான் அவளுக்குத் தண்ணீர் இறங்கும்.

பிறகு அவளுக்கே முதுகு பிளந்தது. துணியை முதலில் தொட்டவள் அவள், அவளுக்குக் குத்தியது பிந்திப்போயிருந்தது. தலை கனத்தது. காய்ச்சல் என்று அவள் வாயால் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு காட்டிலிருந்த சாளைக்கு நடந்தாள். ஓலை வேய்ந்த அந்தக் குடிசையில் சின்னராஜ் மட்டும் கூட இருந்தான். “என்னை ஆத்தா ஒருக்கா பாத்துட்டா. இனிமே தொட மாட்டா” என்றான். முத்துகள் முகத்தில் தொடங்கி உடம்பு முழுக்கப் பரவின. கண்ணைத் திறக்க முடியாத நாட்களில், எங்கோ மிஷின் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. தோலுக்கு அடியில் ஊசி ஏறி இறங்குவதுபோல இருந்தது. “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்துவாள். நினைவு வரும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: “வசந்தாமணிக்கு?”

வசந்தாமணிக்கு ஒன்றுமில்லை. குத்திக்கொண்ட பிள்ளைகள் யாருக்கும் ஒன்றுமில்லை. ராமாயிக்கு வந்தது. பிழைத்துக்கொண்டாள், கன்னமெல்லாம் தழும்பு நின்றது. அங்காளம்மாள் அதற்குப் பிறகு மாரக்காளோடு ஒரு நாளும் பேசவில்லை. மாரக்காளும் அவள் வீட்டுவழி போவதை விட்டுவிட்டாள்.

மாரக்காளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது வலது கண் வெளுத்துப்போயிருந்தது.

அவள் இன்னும் சாளையில் இருந்தபோதே பொன்னாத்தாள் வந்தாள். வரப்பில் நின்றாள், அதற்கு மேல் வரவில்லை. பாதியாக இளைத்திருந்தாள். மாரக்காளின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தெரிஞ்சுதானாக்கா குடுத்தே?”

“நெருப்புல போடுன்னாங்க, அம்முணி. அவளைத்தான் மண்ணுல போட்டாச்சு. அவ கட்டுன பாவாடையையும் எப்படிப் போடுவேன்?” பொன்னாத்தாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “வெயில்ல காயப் போட்டேன். வேப்பிலை வெச்சேன். அது போதும்னு நெனச்சேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீயும் எரிச்சிருப்பே.”

மாரக்காளுக்குக் கோபம் வந்தது. திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தவளுக்கு, அந்தத் துணிகளைக் கொளுத்திய வாடைதான் நினைவுக்கு வந்தது. எதிரே பொன்னாத்தாள் அழுதுகொண்டிருந்தாள். கிட்டே கூப்பிடவும் பயமாக இருந்தது. தன்னிடம் இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. “வெயில்ல உக்காராதக்கா. அந்த வேம்படிக்குப் போ. அவரு கஞ்சி கொண்டாருவாரு” என்றாள்.

மூன்று வருஷம் மிஷினை மூடியே வைத்திருந்தாள். பிறகு சாதாரண ரவிக்கைகள் தைக்கத் தொடங்கினாள். யார் துணி கொண்டுவந்தாலும், “யாரு ஊட்டுத் துணிங்க இது?” என்று கேட்பாள், புதுத் துணி என்றாலும் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைக்காமல் தொடமாட்டாள். சாயம் போகிறதென்று சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பை தைத்துத் தரச் சொல்லி நல்லம்மாளே ஒருமுறை கேட்டாள். “கண்ணு தெரியலீங்க நங்கை” என்றாள் மாரக்காள். இடது கண் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நல்லம்மாளுக்கும் அது தெரியும். அவள் மறுபடி கேட்கவில்லை. எதிரே ஏதாவது ஒரு குழந்தை வந்தால் மட்டும் மாரக்காள் நின்று, அதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாள்.