மூலையில் முப்பது

கத்திரி அக்கா படத்தைப் பார்ப்பதில்லை. திரையின் இடது மேல் மூலையில் பச்சை நிறத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணை மட்டும் பார்க்கிறார். ஆட்டத்தை இயக்கும் கன்ட்ரோலர் மடியில் கிடக்கிறது, கட்டைவிரல் தன்பாட்டுக்கு நகர்கிறது. நாங்கள் செய்துகொண்டிருக்கும் வீடியோ விளையாட்டின் நாயகனான தபால்காரன் மழை விட்ட சந்தைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போகிறான், திரும்பி வருகிறான், மறுபடியும் போகிறான். காலை ஒன்பதரையிலிருந்து இதே நடைதான். "இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு, இருபத்துநாலு. இந்தா, குடைக்கடைகிட்ட சறுக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நோட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார்.

டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டியான கன்சோல் ஒரு விநாடிக்குள் எத்தனை படங்களை வரைந்து முடிக்கிறது என்பதுதான் அந்த எண். எங்கள் விளையாட்டுக்கு முப்பது வேண்டும். குறைந்தால் தெரு தடுமாறும், பொத்தானை அமுக்கினாலும் தபால்காரன் யோசித்துவிட்டுத்தான் கால் எடுத்து வைப்பான். எது கன்சோலுக்கு மூச்சு வாங்க வைக்கிறது என்று கண்டுபிடித்து வெட்டி எறிவது அக்காவின் வேலை. ஓவியர்கள் வயிறு எரிந்து இட்ட பெயர்தான் கத்திரி. 'அக்கா' பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான்.

தொழில் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்வார்களே, அது இவரைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். அலுவலக வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், "அந்த மரத்துக்கெல்லாம் நிழல் எதுக்கு? யாரு பாக்கப் போறா" என்பார். மொட்டை மாடிகளில் காயும் துணிகளைப் பார்த்து, "எல்லாமே ஆடணுமா என்ன, ரெண்டு ஆடினாப் போதாது?" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார். நாம்தான் சிரிக்க வேண்டும்.

நான் அங்கே வசனம் எழுதுகிறவன். சந்தைத் தெருவில் நிற்கும் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு பேச்சு எழுதியிருந்தேன். பூட்டுக்கடைக்காரருக்கு மாமியார் மேல் கோபம், செருப்பு தைப்பவருக்கு எதிர்க்கடை அம்மாள் மேல் ஒரு கண், இப்படி. இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்து பார்த்தால் தெருவில் பதினாலு பேர்தான் நிற்கிறார்கள்.

"என் ஆளுங்கல்லாம் எங்க, அக்கா?"

"வெட்டிட்டேன் சார்."

"இருபத்தாறு பேரையுமா?"

"சந்தையில வந்து யாரு சார் தலைய எண்றாங்க? பூட்டுக்கடைக்காரர் இருக்காரு. அவரு மாமியாரத்தான் எடுத்துட்டேன். மனுஷன் நிம்மதியா இருக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார். எதை வெட்டினாலும் அதைச் செய்தவரின் இடத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வெட்டுவது அவர் வழக்கம். நான் விடுப்பில் இருந்ததால் அது தவறிவிட்டது, அது அவரை உறுத்தியிருக்கிறது.

"எதையும் அழிக்கலை சார். பரண்ல போட்டு வெச்சிருக்கேன்" என்றார். கம்ப்யூட்டரில் வெட்டியதையெல்லாம் போட்டு வைக்கும் இடத்துக்கு நிஜமாகவே 'பரண்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். புறாக்கள், சைக்கிள்கள், நான் எழுதிய மாமியார் எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறார்கள். டீயை இரண்டு வாய் குடித்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "இந்த கேம் புதுசுல மட்டுமில்ல, பத்து வருஷத்துப் பழைய கன்சோல்லயும் ஓடணும் சார். எனக்கு ஓடியே ஆகணும்."

அவருக்கு ஒரு தம்பி. வயது முப்பத்தொன்று. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, சக்கர நாற்காலிதான். வலது கை விரல்கள் மடங்காது. கன்ட்ரோலரைப் பிடிக்க முடியாத தம்பிக்காக, பழைய கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்து, ஒரு மரப்பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆறு பொத்தான்கள் பொருத்திக் கொடுத்திருக்கிறார் அக்கா. இடது முஷ்டியாலும் வலது முழங்கையாலும் தட்டித் தட்டி ஒன்பது வருடமாக ஆடுகிறான். அந்த மரப்பெட்டி பழைய கன்சோலில் மட்டும்தான் வேலை செய்கிறது. "புதுசுக்கு மூணு தடவ செஞ்சு பாத்துட்டேன். நம்ம பெட்டிய அது ஏத்துக்கவே மாட்டேங்குது" என்றார். மாமியாரைத் திரும்பக் கேட்கும் எண்ணம் எனக்கு அத்தோடு போயிற்று.

அலுவலகத்துக்கோ பழைய கன்சோல் வேண்டாத சுமை. அடுத்த திங்கட்கிழமை தயாரிப்பாளர் வந்து, "சந்தைத் தெரு பழசுல இருபத்தஞ்சத் தாண்டலையேம்மா. புதுசுக்கு மட்டும் விட்டுடலாம்" என்றார். நல்ல மனிதர்தான். வேண்டுமென்றே சொல்லவில்லை. அக்கா ஒற்றைக் காலில் நின்று வெள்ளிக்கிழமை வரைக்கும் அவகாசம் வாங்கினார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் இரக்கப்பட்டிருப்பார், அந்த இரக்கம்தான் இவருக்குப் பிடிக்காது.

அந்த வாரம் பரண் நிரம்பி வழிந்தது. குடைகளிலிருந்து சொட்டும் நீர் போயிற்று. தூரத்து மாடிகளின் ஜன்னல் கம்பிகள் போயின. கறிவேப்பிலையைக் கிள்ளுகிற மாதிரி, இலை இலையாக ஒரு மரத்தையே மெலிய வைத்தார். வியாழக்கிழமை மதியம் எண் இருபத்தேழில் வந்து நின்றுகொண்டது, அதற்கு மேல் ஏறவில்லை. மிச்சம் இருந்தது தெரு நடுவில் தேங்கிய மழைத் தண்ணீர் மட்டும்தான்.

அந்தக் குட்டைதான் பெரும் தீனிக்காரன் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரு முழுவதையும் கன்சோல் இரண்டாவது முறை தலைகீழாக வரைந்தால்தான் தண்ணீரில் அது தெரியும். அதை வரைந்த ஓவியரே வந்து, "தூக்கிடுங்க அக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முப்பது வந்துடும்" என்றார்.

அக்கா குட்டையை நிறுத்திப் பார்த்தார். முப்பது, ஆடாமல் நின்றது. மறுபடி போட்டார், இருபத்தேழு. நிறுத்தினார். போட்டார். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது. நான் அசட்டுத்தனமாக, "வெட்டிடுங்கக்கா. தம்பிக்கு கேம் கெடச்சாப் போதாதா?" என்றேன்.

"இந்த வேலையில நான் சேந்தப்போ அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு சார். தண்ணி தேங்கி நிக்கணும், நான் அதுல குதிக்கணும், குனிஞ்சு பாத்தா நான் தெரியணும்னான். நாலு வருஷமா வேற எதுவும் கேக்கல" என்றார். "கேம் கைக்கு வந்ததும் மொதல்ல தேடப்போறது அதத்தான்."

இது இல்லாவிட்டால் அது, அது இல்லாவிட்டால் இது. வசனம் எழுதுகிறவன் என்று பேர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினதுதான் என்னால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் போகும்போது அக்கா குட்டைக்குள் இருந்தார். தண்ணீரில் தெரிந்த கடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். விளக்குக் கம்பங்களை எடுத்தார். பதினாலு பேரையும் எடுத்தார். வானத்துக்குப் பதில் சாம்பல் நிறத்தில் அசையாத ஒரே ஒரு படத்தை ஒட்டினார். கடைசியில் தண்ணீருக்குள் தபால்காரன் மட்டும் தலைகீழாக நின்றான்.

"கடை தெரியலன்னா யாரும் கேக்கப் போறதில்ல. நிக்கிறவன் தெரிஞ்சாப் போதும்" என்றார், மூலையைப் பார்த்தபடியே. அங்கே முப்பது.

தயாரிப்பாளர் வந்து தானே மூன்று முறை தெருவில் நடந்து பார்த்தார். குட்டையில் என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை. "சரிம்மா, பழசுலயும் வரட்டும்" என்றார். "சரி சார்" என்றார் அக்கா. பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு என் பெண் பரீட்சையில் தேறியபோது வந்த சந்தோஷம் வந்தது. அதை அவரிடமே சொன்னேன். "போய் வேலையப் பாருங்க சார்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, வீட்டாரை அழைத்து வந்து விளையாட வைக்கும் நாள். தம்பி வந்தான், மடியில் மரப்பெட்டியோடு. சோதனைக்கு வைத்திருந்த பழைய கன்சோலில் பெட்டியைச் செருகிக் கொடுத்துவிட்டு, அக்கா பக்கத்து நாற்காலியில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். பழக்கதோஷம். தம்பி டக் டக்கென்று முஷ்டியால் தட்டித் தபால்காரனைத் தெருவில் நடத்தினான். பூட்டுக்கடையில் நின்று புலம்பல் முழுவதையும் கேட்டான்.

"மாமியார இந்தத் திட்டு திட்டுறாரே, அவங்க எங்க சார்?"

"உங்க அக்காவக் கேளுங்க" என்றேன்.

அவன் கேட்கவில்லை. அதற்குள் குட்டை வந்துவிட்டது. தபால்காரன் விளிம்பில் நின்றான், குனிந்தான். தம்பியும் நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்தான்.

"நான்தான்க்கா" என்றான் மெதுவாக.

பிறகு முழங்கையால் ஓங்கித் தட்டினான். தபால்காரன் குதித்தான். தண்ணீர் சிதறியது. மறுபடி, மறுபடி, நிற்காமல் குதித்தான். நின்ற இடத்திலேயே ஒருவன் இருபது தடவை குதிப்பான் என்று எங்களில் யாரும் சோதித்திருக்கவில்லை. சிதறிய துளிகள் சேரச் சேர, மூலையில் இருபத்தொன்பது, இருபத்தெட்டு.

நான் பார்த்துவிட்டேன். அக்காவும் பார்த்துவிட்டார். பென்சில் நோட்டுக்குப் போய் பாதியில் நின்றது. தம்பி சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தான். அக்கா எழுந்தார், திரைக்குப் பக்கத்தில் போய் நின்று இடது உள்ளங்கையால் அந்த மூலையை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார்.