வெந்நீர் வாளி

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னைத்தான் சுற்றி நிற்பார்கள், பக்கத்து டவுனான தானா ராத்தாவிலிருந்து இன்னோர் ஆசிரியை பஸ்ஸேறி வரத் தொடங்கும்வரை. ஒல்லியான உடம்பு, சாயம் போன பச்சை ஸ்வெட்டர். பாடத்துக்கு முன் வாளியில் வெந்நீர் வைத்து ஒவ்வொரு பிள்ளையின் கையையும் கழுவிவிடுவார். அந்தக் குளிரில் வெந்நீரைக் காட்டினால் யார்தான் ஒட்டிக்கொள்ளமாட்டார்கள் என்று பொருமினேன்.

ஒரு வாரம், எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் ஸ்வெட்டர் கை நனைந்ததால் முழங்கைவரை மடித்தவர், அதைத் திரும்ப இறக்கிவிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"சூடு வச்சிருக்காங்கக்கா. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. போலீஸ்ல சொல்லணும்."

"கங்காணி வீட்டுப் பிள்ளை லா அது. பேசாம இருங்க. மூணு வருஷமா பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்குத் தெரியாததா?"

"அப்ப நீங்களும் வாங்கக்கா. நீங்க சொன்னா இன்னும் நம்புவாங்க."

நான் போகவில்லை. அவர் தனியாகவே போய்ச் சொன்னார். மறுநாள் ஜீப் வந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

இன்றும் எனக்கு அவர்மேல் பொறாமைதான். முன்வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைக்கு, அடக்கமானவள் என்று இரண்டு வருடம் பரிசு கொடுத்தவள் நான்.