கம்பியில் காய்த்த கொய்யா

கொய்யா விதையை நானே முளைக்க வைத்து, மொட்டைமாடியில் தட்டையான தொட்டியில் போன்சாயாக வளர்த்து வருகிறேன். விதைக்கன்று காய்க்க வருடக்கணக்காகும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொந்தக்காரர்களிடமெல்லாம், "இந்தத் தடவை காய்ச்சிருமுங்க" என்று அளந்துவிட்டிருந்தேன்.

சூலூரிலிருந்து நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வருவதாகச் சொன்னதும் பயம் வந்துவிட்டது. சந்தையில் சின்னதாக ஒரு கொய்யாக்காய் வாங்கி, கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியாலேயே மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கம்பியோடு கம்பியாக அந்தக் கட்டு தெரியவே இல்லை.

விருந்தன்று எல்லாரும் மாடிக்கு வந்து மரத்தைப் பார்த்தார்கள். நாத்தனார் மகள் கீர்த்தனா ஏழு மாதக் கர்ப்பிணி. "ஏனுங்க அத்தை, அந்தக் காயை நான் பறிச்சுக்கட்டுங்களா? ஆசையா இருக்குதுங்க" என்றாள். மாசமாக இருப்பவள் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி மறுப்பது? தலையாட்டினேன்.

அவள் இழுத்ததும் காயோடு கம்பியும் சேர்ந்து வந்தது. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். கம்பியைக் கைக்குள் மூடிக்கொண்டு, காயை ஒரு கடி கடித்தாள். "கடையில வாங்குனா இப்படி இருக்குமுங்களா?" என்றாள்.

மனம் கேட்காமல், போன வாரம் நாத்தனாருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"கம்பியை நாங்க எல்லாருமே பார்த்தோம் அம்மணி. நீ சங்கடப்படுவேன்னுதான் பேசாம இருந்துட்டோம்" என்றார்.

இப்போது யார் மாடிக்கு வந்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே, "இன்னும் காய்க்கலீங்க" என்று சொல்லிவிடுகிறேன்.