நைனாவின் முழங்காலில் என் கை

நைனாவின் உள்ளங்கையில் எப்போதும் பித்தளை வாசனை அடிக்கும். எங்கள் பக்கத்தில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். பகலெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்துச் சேலை நெய்தவர் என்பதால் பாவுக்குப் போட்ட கஞ்சியின் புளிப்பும் அந்தக் கையில் கலந்திருக்கும். ஆனாலும் முந்திக்கொண்டு மூக்கில் ஏறுவது ஜால்ராவின் பித்தளைதான். சனிக்கிழமைச் சாயங்காலங்களிலும் மார்கழி விடியல்களிலும் நகரியில் எங்கள் தெருப் பஜனை மடத்தில் அவர்தான் பின்பாட்டுக்காரர்களுக்குத் தலைவர். எங்கே போனாலும் நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

பஜனையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. முன்னால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பவர் ஒரு வரியைப் பாடி நிறுத்தினால், அதைக் கூட்டம் திருப்பிப் பாட வேண்டும். இதற்கு 'வாங்குறது' என்று பெயர். குரல் நன்றாக இருக்கிறதா, சுருதி சேர்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். பாடியவர் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே பெரிய மரியாதைக் குறைவு. பாதிப் பாட்டு தெலுங்கு, மீதி தமிழ், நடுவில் கொஞ்சம் சமஸ்கிருதம். எது எந்த மொழி என்று எனக்கு அப்போது தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றியதில்லை. சுண்டல் வேகும் வாசனையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, என்னைப்போல் நிம்மதியாக உட்கார்ந்திருந்த குழந்தை நகரியில் வேறு இருந்திருக்காது.

அந்த நிம்மதி மடத்து வாசலோடு சரி. ஆந்திர ராஜ்ஜியம் என்று புதிதாக ஒன்று உண்டாகி, நாங்கள் அதற்குள் வந்து விழுந்திருந்த சமயம் அது. எல்லைக்கோடு இன்னும் முடிவாகவில்லை, நகரி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடையில் தினமும் சண்டை நடக்கும். பள்ளிக்கூடத்தில் காலைப் பாட்டைத் தெலுங்கில் மாற்றிவிட்டார்கள். தப்பாகப் பாடினால் அடி விழுமோ என்று பயந்து நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பேன். எங்கே வாயைத் திறக்கலாம், எங்கே மூடிக்கொள்ள வேண்டும் என்கிற கவலை எனக்குப் பத்து வயதிலேயே பிடித்துக்கொண்டது. நைனாவுக்கு மட்டும் அந்தக் கவலை கொஞ்சம்கூட இல்லை. அதுதான் வீட்டில் பெரிய தொல்லையாகப் போயிற்று.

அத்தை, அதாவது நைனாவின் தங்கை, சித்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புகுந்த வீட்டில் ஒரு கல்யாணம். மைக் வைத்து, மேடை போட்டு, ஜமுக்காளம் விரித்துப் பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். பாட வந்தவர் ஒரு வரியை இழுத்துப் பாடி, பிடில்காரர் வாசிக்கட்டும் என்று நிறுத்தினார். எங்கள் நைனா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வரியை முழுத் தொண்டையில் வாங்கிவிட்டார். பிடில் வில் அந்தரத்தில் நின்றது. "டேய், பஜன கோஷ்டி வந்துட்டாங்கடா!" என்று யாரோ சொல்ல, பந்தி பரிமாற நின்றவர்கள்வரை சிரித்தார்கள். நைனா தலையைச் சொறிந்துகொண்டு, "எனுக்கு இன்னா தெரியும்? நிறுத்துனாரே, வாங்கத்தான் நிறுத்துறாருன்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு அது அதோடு முடிந்துவிட்டது. எனக்குக் காது மடல் சுட்டது வீடு வந்து சேரும்வரை ஆறவில்லை.

இது நடந்த கொஞ்ச நாளில் அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் வீட்டுக்கே வந்து, போண்டா தின்று, காப்பி குடித்து, போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். தெருவுக்கே தெரிந்துவிட்டது. அக்கா அலமேலு அதன்பிறகு குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். குடத்தை நான்தான் இடுப்பு நோகத் தூக்கி வந்தேன். இன்னொரு தரம் அப்படி நடந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று அம்மா அடுப்படியில் அழுதது எனக்குக் கேட்டது.

அதனால் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். சித்தூர்க் கோர்ட்டில் வேலை பார்க்கிற பையன், பெயர் சீனிவாசன், நாசூக்கான குடும்பம். ராமநவமிக்குத் திருப்பதியில் ஒரு கோயில் தெருவில் பந்தல் போட்டுக் கச்சேரி நடக்கும், அங்கே அவர்களும் வருவார்கள், நாமும் போவோம். "புடிச்சா பொண்ணு பாத்த மாரி. புடிக்கலைன்னா கச்சேரி கேட்ட மாரி. ஊருக்கு இன்னா தெரியப்போவுது?" என்றாள். அந்தக் காலத்தில் பல பெண்களின் தலையெழுத்து இப்படிக் கோயிலிலும் பந்தலிலும்தான் தீர்மானமானது. பிறகு நைனாவின் பக்கம் திரும்பி, "அண்ணே, நீ மட்டும் வாயத் தொறக்கவே கூடாது, சரேனா? அவுங்க அம்மா பேச்சே அளந்துதான் பேசுவாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நைனா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அம்மாவுக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு கட்டியிருப்பார்கள். அம்மாவோ அத்தையோ நைனாவின் அருகில் உட்கார முடியாது, சின்னப் பெண் நான் உட்காரலாம். "நீ நைனா பக்கத்துல குந்திக்கினு முட்டிமேல கைய வெச்சிக்கோ. பாட வர்ற மாரி இருந்தா புடிச்சிக் கிள்ளு. விட்டே, உங்க அக்கா கதி அவ்ளோதான்" என்று புறப்படுவதற்கு முந்தின நாளே சொல்லிவைத்தாள் அம்மா. ஏன் முழங்கால் என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வலது முழங்கால் எழும்பித் தணியும். தறி மிதித்து மிதித்து வந்த பழக்கம். அந்த முழங்கால் அசைந்தால் அடுத்து பாட்டு வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கல்யாணமே என் கையில் இருப்பதாக நினைத்து அன்று ராத்திரி என் முழங்காலிலேயே கிள்ளிப் பழகினேன்.

ரயிலில் புத்தூர் தாண்டும்வரை பேச்செல்லாம் எல்லையைப் பற்றித்தான். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர், நகரி மதராஸ் பக்கம் போய்விட்டால் சித்தூருக்குப் பெண் கொடுப்பது வேற்று ராஜ்ஜியத்துக்குக் கொடுப்பதாகிவிடும் என்று சொல்லி வைத்தார். அதைக் கேட்டு அம்மாவின் முகம் இன்னும் சுருங்கிப்போயிற்று. நெசவுக்காரர் மகளாக இருந்தும் அக்கா அத்தையின் இரவல் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் கரி அதில் படாமல் கையைத் தூக்கியே வைத்திருந்தாள். ரேணிகுண்டாவில் வண்டி மாறும்போது நைனா எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பந்தலில் போய் உட்கார்ந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இது நமக்கான இடம் இல்லை என்று. சலவை வேட்டியும் மேல்துண்டுமாக உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. தொடையில் தாளம் போட்டார்கள், அதுவும் சத்தம் வராமல். சில இடங்களில் 'த்சு த்சு' என்று தலையை ஆட்டினார்கள், எதற்கு ஆட்டுகிறார்கள் என்று தெரியாமல் நானும் ஆட்டினால் அது தவறான இடமாக இருந்தது. கால் மரத்துப்போயிற்று, நீட்டினால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று நீட்டவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா மேடையைப் பார்க்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, காதில் வைரத்தோடு, முதுகு வளையாமல் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்; அவர்தான் மாப்பிள்ளையின் தாயார் என்று அத்தை ஜாடை காட்டினாள். மாப்பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது, அவரைத் தேட எனக்கு நேரமும் இல்லை. நைனாவின் முழங்கால் இருமுறை லேசாக அசைந்தது, இரண்டு முறையும் அழுத்திப் பிடித்து அடக்கிவிட்டேன்.

பாடியவர் வரிசையாகத் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டு வந்தார். திடீரென்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "தமிழ்ல ஒண்ணு பாடச் சொல்லுங்க!" என்று கத்தினார். உடனே இன்னொரு மூலையிலிருந்து, "இதி ஆந்திரா! தெலுகுலோனே பாடண்டி!" என்று பதில் வந்தது. இரண்டு பக்கமும் நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். துண்டை உதறிய சத்தம்கூட எனக்கு அடி விழுந்த மாதிரி கேட்டது. மிருதங்கக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இங்கே நாங்கள் யார், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நைனாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

பாடகர் பெரியவர், பக்குவமானவர். ராம நாமாவளி ஒன்றைத் தொடங்கினார். சாமி பெயர் மட்டும்தான், எந்த ராஜ்ஜியத்துக்காரரும் குறை சொல்ல முடியாது. ஒரு வரி பாடிவிட்டு, கையை நீட்டி, கூட்டம் திருப்பிப் பாடட்டும் என்று நிறுத்தினார்.

யாரும் பாடவில்லை. நின்றவர்கள் முறைத்துக்கொண்டே நின்றார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் நமக்கென்ன என்று உட்கார்ந்திருந்தார்கள். அவர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. என் கைக்குக் கீழே நைனாவின் முழங்கால் எழும்பியது. நான் இரண்டு கையாலும் பிடித்து, நகம் பதியக் கிள்ளினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கயிற்றுக்கு அப்பால் அம்மாவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து, ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையிலிருந்து ஒரு குரல் அந்த வரியை வாங்கியது. தனிக் குரல், இளவட்டக் குரல், கொஞ்சம் பிசிறடித்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். குரல் பாதி வரியில் தடுமாறியது.

நைனா என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "விடுடி கண்ணு. பாவம், ஒண்டியா மாட்டிக்கினான்" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நகரி மடத்தில் வாங்குவதுபோலவே வாங்கினார்.

பந்தலே சேர்ந்து பாடியது என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. பின்னால் சில கிழவர்கள் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். கத்தியவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்கள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அக்காவின் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டேன் என்று முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

கச்சேரி முடிந்து செருப்பைத் தேடும்போது, வைரத்தோட்டு அம்மாள் நேராக எங்களிடம் வந்தார். அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "ரெண்டாவதா பாடுனது உங்க ஊட்டுக்காரருதானா?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, "மொதல்ல பாடுனது எங்க புள்ள. பாகாலாவுல எங்க மாமனாரோட பஜனைக்குப் போயி வந்த வழக்கம். எம்மாம் சொல்லிக் கூட்டியாந்தேன், பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால வாயத் தொறக்காதடான்னு. எந்தம்பியப் பக்கத்துல காவலுக்கு வேற போட்டேன். அவன் தூங்கிட்டான்" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாக அக்கா சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, இரவல் பட்டின் முந்தானை நழுவுவதுகூடத் தெரியாமல். அந்தச் சிரிப்பைத்தான் மாப்பிள்ளை, அதாவது என் மாமா, பார்த்தாராம். பின்னாளில் அவரே சொன்னது.

அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் எல்லை பிரித்தபோது திருத்தணி மதராஸ் பக்கம் வந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது, அக்கா வேற்று ராஜ்ஜியத்துக்குப் போகவில்லை. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த நான்தான் போனேன். ஆனால் பத்து வயதில் தொற்றிய அந்தப் பயம் என்னை விடவே இல்லை. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் பாடுகிறவரை நான் கேட்பதைவிட, பக்கத்தில் இருப்பவர்கள் வாயைத் திறந்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகம். என் பிள்ளைகள் தாளம் போட்டால்கூடக் கையைப் பிடித்துவிடுவேன்.

போன டிசம்பரில் அக்கா சென்னைக்கு வந்திருந்தாள். நைனா போய் எத்தனையோ காலமாயிற்று, மாமாவும் இப்போது இல்லை. நகரியில் அந்த மடம் இருந்த இடத்தில் விசைத்தறி ஓடுகிறது. குளிரூட்டிய சபாவில் மெத்தை வைத்த நாற்காலியில் அக்காவை உட்காரவைத்தேன். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இப்போது ஒன்றும் கிடையாது. கடைசியில் பாடகி ஒரு நாமாவளியைப் பாடி, நிறுத்தி, புன்னகையோடு கூட்டத்தைப் பார்த்தாள். பலர் எழுந்து காருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், இருந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வாங்கினாள். பல் போன வாய், நடுங்குகிற குரல். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கை தானாக அவள் முழங்காலுக்குப் போயிற்று. கிள்ளப் போன விரல்களுக்குக் கீழே வெறும் எலும்பாக இருந்தது அந்த முழங்கால், பாதி வரியில் அவள் குரல் தடுமாறியது, அவள் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின.

பாவம், ஒண்டியாக மாட்டிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு நான் வாங்கினேன். எனக்குப் பிறகு யாரும் வாங்கவில்லை.