பெரியகருப்பன் பெயருக்கு ஓர் இடம்

கௌசல்யாவுக்குப் பேச்சு குறைவு. அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் எங்கள் பட்டறையில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. திண்டுக்கல்லில் ஒரு மாடியில் எலக்ட்ரானிக் தராசு செய்கிறோம். தராசைப் பூட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. அதற்குள் ஓடும் புரோகிராமை சி என்ற கணினி மொழியில் எழுதுவது அவள் வேலை. எரியோட்டுக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். சென்னைக்குப் போனால் என்ன என்று யாராவது கேட்டால், "அங்கயும் இதே சி தாண்ணே" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

நிலக்கோட்டையில் விவசாயிகளின் பூவை ஏலம் விடும் மணிமாறனின் கடைக்கு ஒரு தராசு செய்து கொடுத்தோம். பூ மூட்டையை வைத்தால் சாக்கின் எடையைத் தானே கழித்து, பூவின் எடையை மட்டும் ஆள் பெயரோடு சீட்டில் அடித்துத் தரும். பெயரில்தான் வம்பு. அந்தப் பக்கம் குலசாமி பெயரையே ஆளாளுக்கு வைத்திருப்பார்கள். சிவனம்மாள் என்று கூப்பிட்டால் கடையில் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் ஊர், அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயர், பிறகு சொந்தப் பெயர் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் அங்கே வழக்கம். சீட்டிலும் அப்படியே வரவேண்டும் என்றார் மணிமாறன். சொற்களை ஒட்டுவதற்கு சி மொழியில் strcat என்றொரு கட்டளை இருக்கிறது. கௌசல்யா அதை வைத்து மூன்று பெயர்களையும் ஒட்டினாள்.

வந்தது வினை. சிலுக்குவார்பட்டி சிவனம்மாளின் மல்லிகையை வாங்குகிற வியாபாரி பொன்னழகு, தன் இடத்தில் மறுபடி நிறுத்தால் ஒவ்வொரு நாளும் எடை குறைந்தது. பூ வியாபாரத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்கள், வழியில் காய்ந்துவிட்டது. ஒரு காலையில் ஏலத்துக்குக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டார். நாளையிலிருந்து உன் பூ இங்கே வேண்டாம் என்றார் மணிமாறன். தெளிக்கவில்லை என்று அந்த அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எதற்கும் தராசையும் ஒரு பார்வை பார்க்கட்டும் என்றுதான் எங்களுக்குப் போன் வந்தது.

நான் எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாகக் காட்டியது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூட வந்த கௌசல்யா, "வெறும் சாக்க வைங்கண்ணே" என்றாள். வேறு யார் பெயரைப் போட்டாலும் வெறும் சாக்குக்குப் பூஜ்யம் வந்தது. சிவனம்மாள் பெயரைப் போட்டதும் சாக்கின் எடை அப்படியே வந்து நின்றது.

அவள் மடிக்கணினியைத் திறந்து தேடினாள். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாள். சி மொழியில் ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஜ்யம் உட்காரும். சொல் இங்கே முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒட்டும்போது இடம் இருக்கிறதா என்று strcat பார்க்காது, எழுதிக்கொண்டே போகும். சிலுக்குவார்பட்டி பெரியகருப்பன் சிவனம்மாள் என்பது அந்தக் கடையிலேயே நீளமான பெயர். அவள் ஒதுக்கிய இடம் அந்தப் பெயரோடு சரியாக நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த பூஜ்யம் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்தது. அங்கேதான் கழிக்கவேண்டிய சாக்கின் எடை இருந்தது. அது பூஜ்யமாகிவிட, சாக்கும் பூவாகி எடையேறியது.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளி முத்துச்சாமி சுலபமாக ஒரு வழி சொன்னார். "அந்தம்மா வீட்டுக்காரன் பெரியகருப்பன் செத்துப் போன ஆளுதானம்மா. அந்தப் பேர எடுத்துட்டா எல்லாம் சரியாப் போகும். வயர்ல கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் வாயே அடைத்துவிட்டது. கௌசல்யா பேசினாள். "பேர எடுக்க மாட்டேன் சார். இடத்தப் பெருசாக்குறேன். கோளாறு எங்கன்னு நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை புரோகிராமை மாற்றிப் போட்டுவிட்டு ஏலக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். "அம்மா தண்ணி தெளிக்கல. தப்பு மெசின்ல. அத எழுதுனது நாந்தான்," என்றாள். பொன்னழகு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிமாறன் வேண்டாமென்றும், எதற்கும் இருக்கட்டும் என்று பூவோடு வந்திருந்த சிவனம்மாள் அவள் அருகே வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு பேரு கூட இருந்ததாலயா தாயி இம்புட்டும்?"

"இல்லம்மா. அவரு பேருக்கு நான் சரியா இடம் வைக்கல."

அந்த அம்மா தன் மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தார். வந்த சீட்டைக் கௌசல்யாவிடம் நீட்டி, "சத்தமா வாசி," என்றார். அவள் ஊரையும் சேர்த்து முழுப் பெயரையும் எடையையும் வாசித்தாள். சிவனம்மாள் சீட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு பொன்னழகு பக்கம் திரும்பினார்.

"இப்ப ஒன் தராசுல வையி."

அவர் வேறு வழியில்லாமல் வண்டியிலிருந்த தன் தராசை இறக்கி, பூவை மட்டும் கொட்டி நிறுத்தார். இரண்டு எடையும் ஒன்றாக இருந்தன. மணிமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏலத்தை ஆரம்பித்தார்.

"சிலுக்குவார்பட்டி பெரியகருப்பன் சிவனம்மா பூவு. கேளுங்கப்பா."